கமாவுக்கு நான் எழுதிய நெருக்கடி

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மக்கள் தொடர்புப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஒரு நெருக்கடி எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டலில் கெட்டுப்போன சாப்பாடு, ஆஸ்பத்திரியில் மாறிப்போன குழந்தை, புதுப் பாலத்தில் விரிசல் என்று எதுவாகவும் இருக்கலாம். யார் யாருக்கு எழுதுவது என்பதைப் பேராசிரியர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார். எழுதியதை உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். தேர்வன்று உறையைப் பிரித்துப் படிக்கப் பத்து நிமிடம். அதன்பின் அந்த நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளராக மேடையில் உட்கார வேண்டும். மீதிப் பதினொரு பேரும் செய்தியாளர்கள். தாக்குப்பிடித்தால் உட்கார்ந்தவருக்கு மதிப்பெண், திணறினால் உறை எழுதியவருக்கு.

எனக்கு வந்த சீட்டில் கமாவின் பெயர் இருந்தது.

கமா என் அறைத்தோழி. முதல் வாரத்தில் அவளுடைய அறிக்கையைத் திருத்திய பேராசிரியர், "முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டியாம்மா? கமாவா போட்டுத் தள்ளியிருக்க" என்றார். அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே இஸ்திரிப் பெட்டி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் வகுப்புக்குப் போகாமல் என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த வருடம் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பெரிய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் மேலாளர் வந்திருந்தார். பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தேர்வு முடிந்த கையோடு வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த வேலை எனக்கு வேண்டும். வேண்டும் என்றால், பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பது போல வேண்டும். தேர்வு இரண்டு நாள். முதல் நாள் என் முறை. ஒரே ஒரு இடத்தில் நாக்குக் குழறியது, மற்றபடி சமாளித்தேன். அன்று பேசிய ஆறு பேரில் என் மதிப்பெண்தான் அதிகம். மறுநாள் பேச வேண்டிய ஆறு பேரில் என்னை மிஞ்சக்கூடியவள் கமா ஒருத்திதான்.

இரண்டாம் நாளுக்கான உறைகளை முதல் நாள் மாலைக்குள் கொடுத்தால் போதும். நான் அவளுக்கு எழுதி வைத்திருந்தது கெட்டுப்போன சாப்பாடு. அதைக் கிழித்துப் போட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது கமா ஒன்று சொல்லியிருந்தாள். அவளுடைய அப்பா ஒரு சாய ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். அவள் எட்டாவது படிக்கும்போது அந்தக் கொதிகலன் வெடித்து அவர் இறந்துபோனார். மறுநாள் நிறுவனம் ஒரு அறிக்கை விட்டது. பணியாளர் பணி நேரத்தில் உறங்கிவிட்டதே விபத்துக்குக் காரணம் என்று அதில் ஒரு வரி.

"அப்பா தூங்கலடி. வால்வு சரியில்லன்னு மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கார். அப்படி எதுவும் வரலைன்னு சொல்லிட்டாங்க. தூங்குமூஞ்சி பொண்டாட்டின்னு எங்கம்மாவத் தெருவுல கூப்பிட்டாங்க. அந்த ஒரு வரிய யாரோ ஒக்காந்து யோசிச்சு எழுதியிருக்காங்கல்ல? அத எப்படி எழுதுறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்றாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

அதை அப்படியே எழுதினேன். சாய ஆலை, கொதிகலன், வால்வு, மூன்று புகார், உறக்கம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கை நடுங்கியது என்று எழுதினால் என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நடுங்கவில்லை. உறையை ஒட்டிப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்து, கமாவின் சட்டையையும் சேர்த்து இஸ்திரி போட்டு வைத்தேன்.

இரண்டாம் நாள் வீட்டாரும் வந்து பின்வரிசையில் உட்காரலாம். கமா தன் அம்மாவை வரச் சொல்லியிருந்தாள். சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவர். உறை வாங்கப் போகும் அவசரத்தில் கமா, "அம்மா வந்தா கொஞ்சம் ஒக்கார வைடி, பயந்துக்கும்" என்றாள். வாசலில் போய் நின்று கூட்டிவந்தேன். சோப்பில் ஊறிச் சிவந்து தோல் உரிந்த கைகள். எனக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தார். வெளியே மரத்தடியில் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே கூட்டிப் போய், மேடை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன்.

மேடையில் நீலத்துணி விரித்த மேசை, மூன்று ஒலிவாங்கிகள், பெயர்ச்சீட்டு உரிக்கப்பட்ட தண்ணீர்ப் பாட்டில். கமா வந்து உட்கார்ந்ததும் எங்கள் வரிசையில் கண்ணால் தேடி என்னைப் பிடித்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. அழப் போகிறாள், எழுந்து ஓடப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

அவள் காகிதத்தை நேராக வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"நேற்று எங்கள் ஆலையின் கொதிகலன் பிரிவில் ஏற்பட்ட அழுத்த மாறுபாட்டில் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தினரின் துயரத்தில் நிறுவனம் பங்குகொள்கிறது."

வெடித்தது என்று ஒருபோதும் சொல்லாதே என்பதுதான் பேராசிரியர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றையும் அவள் பதறாமல் வாங்கி, இரண்டு வரியில் திருப்பி அனுப்பினாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. என் வேலை என் கண் முன்னாலேயே கைநழுவிக்கொண்டிருந்தது. எழுந்தேன்.

"இறந்துபோனவர் தூங்கிட்டார்னு உங்க ஆலையில சொல்றாங்களாம். அவர் வால்வு பழுதுன்னு மூணு தடவை எழுத்துல புகார் குடுத்திருக்காரே, அந்தப் புகாரெல்லாம் எங்கே?"

கமா தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"பணியாளர் பணி நேரத்தில் உறங்கியது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்திருக்கிறது. நீங்கள் சொல்வது போன்ற எந்தப் புகாரும் நிறுவனத்துக்கு வரவில்லை."

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சென்றது. கமாவின் அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"வரலையா? என்னடி வரலைங்கற? அவருக்குத்தான் எழுத வராதே. மூணு காகிதமும் நீதானேடி ஒன் கையால எழுதிக் குடுத்த?"

எனக்கே அது தெரியாது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தார் என்றுதான் கமா சொல்லியிருந்தாள். எழுதியது யார் என்று சொல்லவில்லை. பேராசிரியர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர், நிறுத்த வேண்டாம் என்று விரலைக் காட்டினார்.

கமா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டு தடவை துடித்தது. பிறகு ஒலிவாங்கியைக் கொஞ்சம் அருகில் இழுத்தாள்.

"விசாரணை முடியும்வரை அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது. அடுத்த கேள்வி."

அடுத்த கேள்வி யாரிடமும் இல்லை. மேலாளர்தான் முதலில் கை தட்டினார். "அவங்க ஒங்க அம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"சொன்னதெல்லாம் நெஜமா?"

"ஆமா சார்."

அவர் எங்கள் பக்கம் திரும்பி, "பாத்துக்கங்கப்பா. வீடு வேற, வேலை வேறன்னு பிரிக்கத் தெரியணும். இருவது வருஷமா வேலை பாக்கறவங்களுக்கே இது வராது" என்றார். தேர்வு முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. வேலை கமாவுக்கு என்று அங்கேயே அறிவித்துவிட்டார். போகிற போக்கில் பேராசிரியர் என் தோளைத் தட்டி, இதுவரை இந்தத் துறையில் எழுதப்பட்டதிலேயே சிறந்த நெருக்கடி என்னுடையதுதான் என்றார்.

நடைவழியில் கமா தன் அம்மாவுக்காக நின்றிருந்தாள். "அம்மா" என்றாள். அவர் அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். உரிந்த கைகளால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருஷத்துல ஒருத்தர்கூடக் கேக்கலம்மா, அந்தக் காகிதமெல்லாம் எங்கேன்னு. பேப்பர்காரங்க கேக்கல, போலீஸ் கேக்கல. நீ கேட்ட. அவருக்காக எழுந்து நின்னு கேட்ட. நீ நல்லா இருக்கணும்."

கமா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த உறையை எழுதியது நான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்கிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் சொல்ல வேண்டும்? வேலைதான் போயிற்று. ஒரு ஆசீர்வாதமாவது மிச்சம் இருக்கட்டும் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. இதை எழுதும்போது என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது, ஆனால் அப்போது தோன்றியது அதுதான்.

"பரவாயில்லம்மா. அழாதீங்க" என்றேன்.

"பஸ் ஏத்தி விடறியா? எனக்கு எடம் புரியல" என்று அவர் என்னிடம்தான் கேட்டார். கமா கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. நான் அவருடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, படிகளில் பார்த்து இறங்கச் சொல்லி, பேருந்து நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை.