இது அவரு கொரலு இல்லிங்க

1

இந்தக் கதை எனக்குக் காதுவலியில் கிடைத்தது. பேனா மூடியால் காது குடைவது என் பழக்கம். 1986 கோடையில் அது புண்ணாகிச் சீழ் பிடித்ததும் திருப்பத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். அங்கே கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் வசந்தி, "எழுதுறவரா சார் நீங்க? எனக்கு ஒண்ணு மனசுல கெடந்து உறுத்துது. எழுதுங்க, எறங்கிடட்டும்" என்று சொல்லத் தொடங்கினார்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஜவ்வாது மலையில் மூடுபனி கவிழ்ந்திருந்த ஒரு'

விட்டுவிட்டேன். நடந்தது பட்டப்பகலில், ஓடுகிற மின்விசிறிக்கு அடியில்.

2

கெங்கம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். மலையில் சாமை விதைக்கிற குடும்பம். சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ் வடியும். யார் யாரோ சொன்னதைக் கேட்டு எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள், தழைச்சாறு பிழிந்தாள், கொண்டை ஊசியால் குடைந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தங்கள் அவளை விட்டுப் போயின. கணவர் சக்கரவர்த்தியின் குரல்தான் கடைசியாகப் போனது. அதற்கப்புறம் பல வருடம் அவர் அவளிடம் கையால்தான் பேசினார். விரல்களைக் கீழ்நோக்கி அசைத்தால் மழை. கட்டைவிரலைத் தேய்த்துக் காட்டினால் சாமை.

திருப்பத்தூரில் அதே டாக்டர் சீழைத் துடைத்து மருந்து விட்டார். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. "எண்ணெ, ஊசி எதுவும் கிட்ட வரக்கூடாது. தலைக்கு ஊத்தறப்ப பஞ்சு வெச்சுக்கணும்" என்றார். சக்கரவர்த்தி அதையெல்லாம் கையால் அவளுக்குச் சொன்னார்.

பிறகு வசந்தியின் சிறிய அறை. காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். சத்தத்தை நன்றாகக் கூட்டிய பிறகே விரல் எழுந்தது. நரம்பு நன்றாக இருக்கிறது, கருவி வைத்தால் கேட்கும் என்றார் வசந்தி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. ரவிக்கையில் குத்திக்கொண்டு, அதன் ஒயரைக் காதில் செருக வேண்டும்.

விசையைத் திருப்பியதும் கெங்கம்மாள் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். வெளியே காக்கை கத்தியது. சிரித்தாள். பின்னால் நின்ற சக்கரவர்த்தி, "கெங்கா" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். அவள் வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அது பேசறது?"

"உங்க வூட்டுக்காரருதான்."

திரும்பி அவர் உதட்டையே பார்த்தாள். அவர் பேசப் பேச அவள் சிரிப்பு போயிற்று.

"இது அவரு கொரலு இல்லிங்க."

3

(டப்பா வழியாக வரும் குரல் யாருக்குமே மாறித்தான் கேட்கும், கேட்கக் கேட்கப் பழகிவிடும் என்றார் வசந்தி. நானும் உங்களுக்கு அதையே சொல்லி இங்கே முடித்திருப்பேன்.)

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். காது காய்ந்திருந்தது. நாத்தனார் வெள்ளையம்மாளின் குரல் பழையபடியே கேட்கிறதாம். பக்கத்து வீட்டார் குரலும் அப்படியே. இவருடையது மட்டும் வேறு. சோறு போடும்போது ஒயரைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்த்துப் போடுகிறாள்.

இந்த இடத்தில் சக்கரவர்த்தியைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். அவர் எதையோ மறைக்கிறார், அதனால் குரல் மாறி

இல்லை. மலையிலிருந்து கீழே வரும் வழியெல்லாம் மழையில் அவள் காதுப் பஞ்சு நனையாமல் துண்டால் மூடிக் கூட்டி வந்தவர் அவர். அவர்மேல் எந்தக் குற்றமும் ஒட்டவில்லை. கெங்கம்மாள் வெளியே போயிருந்தபோது வசந்தியிடம் மெல்லக் கேட்டாராம்:

"அம்மா, ஒருத்தனுக்கு அவன் கொரலு மாறிப்போனா அவனுக்கே தெரியுமாங்க?"

"ஊர்ல யாராச்சும் சொன்னாங்களா?"

"கேட்டுப் பாத்தேங்க. எப்பவும் இப்படித்தான பேசுவன்றாங்க. எனக்குத்தான் இப்ப பேசவே கூச்சமா கீது. யாரோ பேசறாப்ல கீது."

அதன்பின் அவர் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். மறுபடியும் கையால்தான்.

4

இனி வருவது வெள்ளையம்மாள் வந்து வசந்தியிடம் சொன்னது.

புளி உடைக்கிற காலம். மத்தியானம் வாசலில் அண்ணன், அண்ணி, அவள் மூன்று பேரும் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவுக்குக் கீழே, மரங்களுக்குள்ளிருந்து யாரோ, "கெங்கா" என்றார்கள்.

கெங்கம்மாள் முகம் மலர்ந்து எழுந்தாள். "அவருதான்" என்றாள்.

"எனக்கும் கேட்டுதுங்க" என்று வெள்ளையம்மாள் சொன்னாளாம். "எங்கண்ணன் கொரலுதான். எங்கண்ணன் எதுருக்க குந்திங்கினு கீறாரு."

(இதை எழுதிவிட்டு விளக்கைப் போட்டேன். மணி காலை பதினொன்று.)

சக்கரவர்த்தி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். நெடுநாள் கழித்து வாய் திறந்தார்.

"யார்னு பாத்துட்டு வர்றேன்."

"போகாதண்ணா."

"அதுவும் நாந்தானே. எனக்கு இன்னா பயம்?"

அவர் சரிவில் இறங்கியதும் கெங்கம்மாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்கிற நேரம் வெள்ளையம்மாள் மேட்டில் ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அண்ணன் வந்து கதவருகே நிற்பது தெரிந்தது. அதே வேட்டி, அதே நடை. கதவைத் தட்டினார். வாய் அசைந்தது. இன்ன குரல் என்று அந்தத் தூரத்தில் கேட்கவில்லை.

"அப்புறம்?" என்று வசந்தி கேட்டிருக்கிறார். வெள்ளையம்மாள் காது டப்பாவுக்குப் பேட்டரி வாங்கிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஆக, அந்த வீட்டில் இன்னமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

5

பழைய குரலே திரும்பி வந்தது, அவள் அழுதுகொண்டே திறந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அப்படியானால் அத்தனை வருடம் கையால் பேசியவர் எங்கே போனார்? புதிய குரல்தான் கேட்டது, அவள் ஒயரைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்த்துத் திறந்தாள் என்று இன்னொன்று. அப்படியானால் காட்டில் நின்று கூப்பிட்டவர்? மூன்றாவதில் அவள் கதவை

இல்லை, அதை எழுத மாட்டேன்.

உள்ளிருந்து கெங்கம்மாள், "யாரு?" என்கிறாள்.

"நாந்தான் கெங்கா."

இதை நீங்கள் வாய்விட்டு வாசிக்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு குரலில் கேட்டிருப்பீர்கள். நான் அதைக் கேட்கவில்லை, அவளுக்கு என்னால் எதுவும் சொல்ல முடியாது. அது எந்தக் குரல் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நிற்கிறாள்.