இன்னும் காயம் படாத கட்டைவிரல்

1

இந்தக் கதை ஒரு விளம்பர இடைவேளையில் பிறந்தது. டிவியில் சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தது. ஹாலில் நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் ஒரு கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டிவியில் இருந்த விரலை அல்ல, சோபாவில் இருந்த விரலை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பத்தைச் சில முறை எழுதி அடித்தேன்.

"சமையல் என்பது அடிப்படையில் வேதியியல்" (படித்த பாடத்தைக் காட்டிக்கொள்வது போல இருக்கிறது. போகட்டும்.)

"ஜெயித்தாளா தோற்றாளா என்பது வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஆகவே அவளுக்குப் பயப்பட எதுவும்" (நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பொய். அவளுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அதுதான் கதையே. முதல் வரியிலேயே பொய் சொன்னால் பிறகு யார் நம்புவார்கள்?)

இன்னொரு சிக்கல். கதைக்குள் நானும் இருக்கிறேன். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனவே என்னை 'நாத்தனார்' என்று வைத்துக்கொள்கிறேன். என் அண்ணி 'மருமகள்'. அம்மா 'மாமியார்'. அப்பா 'மாமனார்'. கதை அண்ணியுடையது என்பதால் உறவுமுறையும் அவள் பக்கத்திலிருந்தே இருக்கட்டும். நான் நானாக வரவேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் வந்துவிட்டுப் போகிறேன்.

2

மருமகளுக்கு ஒரு பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மெழுகில் செதுக்கிச் செயற்கைப் பல் செய்ய வேண்டும். முகம் தெரியாதவர்களின் வாய்க்கு அளவெடுத்தாற்போல் பல் செய்கிற கைக்கு ஒரு மீனை உடையாமல் திருப்பிப் போடுவதா கஷ்டம்? டிவி சமையல் போட்டிக்கு எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள். போனாள், சமைத்தாள், திரும்பி வந்தாள். நிகழ்ச்சி டிவியில் வரத் தொடங்கியது பல மாதம் கழித்து. அதுவரை மட்டுமல்ல, கடைசி வாரம் முடியும்வரை முடிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று சேனல்காரர்கள் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஆகவே வாராவாரம் வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தார்கள். ஒருத்தி டிவிக்குள் வியர்த்து வழிந்தாள். இன்னொருத்தி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தாள்.

"சூப்புல உப்பு போட்டியா, மறந்துட்டியா?" என்றாள் மாமியார்.

"பாருங்க அத்தை."

"எனக்கு மட்டும் சொல்லேன். காதுக்குள்ள."

"கையெழுத்துப் போட்டிருக்கேன் அத்தை."

"நான் என்ன சேனல்காரன்கிட்டயா போய்ச் சொல்லப்போறேன்?"

"நீ டெய்லர்கிட்ட சொல்லுவ," என்றார் மாமனார். "அவன் ஊருக்கே தைச்சுக் குடுத்துருவான்."

மருமகளின் கணவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். நிகழ்ச்சி நேரத்தில் போனில் கூடவே இருப்பான். ஆனால் அவன் பார்க்கும் ஒளிபரப்பு கொஞ்சம் பிந்தி ஓடும். இங்கே எல்லோரும் கத்தி ஓய்ந்து தண்ணீர் குடிக்கும்போது, டீப்பாயில் கிடக்கும் போனிலிருந்து அவன் மட்டும் தனியாகக் கத்துவான்.

நடுவர்களுக்கும் போட்டியாளர்களுக்கும் வீட்டிலேயே பெயர் வைத்தாயிற்று. எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்காத நடுவர் 'மூக்கு'. வெங்காயம் இல்லாமலே அழுகிற போட்டியாளர் 'அழுமூஞ்சி'. மாவு பிசையும்போதுகூடப் புஜத்தைக் காட்டுகிறவர் 'ஜிம்'.

3

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுகிறவர். பம்பரில் இருக்கும் கீறல் இந்த விபத்தில் விழுந்ததா, போன வருஷத்துச் சரக்கா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, அவர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"நிறுத்து நிறுத்து! ரிமோட்ட குடு! அந்த விரல பெருசாக்கு!"

படப்பிடிப்பு முடிந்து மருமகள் வீடு வந்த அன்று அவளுடைய இடது கட்டைவிரலில் கட்டு இருந்தது. சமைக்கும்போது சுட்டுக்கொண்டேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அதற்கு மேல் கேட்டால் கையெழுத்தைக் காட்டினாள். இப்போது அந்த இடத்தில் அவரை விதை அளவுக்குத் தழும்பு. ஆனால் டிவியில் பால் ஊற்றிக்கொண்டிருந்த கட்டைவிரல் மாசுமறு இல்லாமல் இருந்தது.

"இந்த அடி இன்னும் விழல," என்றார் மாமனார், கோர்ட்டில் நிற்பவரைப் போல. "அப்ப என்ன அர்த்தம்? விரல சுட்டுக்கற வரைக்கும் இவள யாரும் வெளிய அனுப்ப முடியாது!"

வீடே அதிர்ந்தது. மாமியார் கைதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனும் கைதட்டியது.

"மேக்கப் போட்டு மறைச்சிருந்தா?" என்று நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

"கேஸ கெடுக்காத," என்றார் மாமனார்.

அதற்குப் பிறகு சமையலை யார் பார்த்தார்கள்? எல்லோரும் விரலைத்தான் பார்த்தார்கள். டிவிக்குள் மருமகள் ஓவனைத் திறந்தால் போதும், "துணி! துணியப் பிடிச்சு எடும்மா!" என்று மாமியார் அலறி, பக்கத்தில் இருப்பவளின் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். என்றோ ஆறிப்போன தட்டுக்கு இப்போது அலறல். அரையிறுதியில் எண்ணெய் தெறித்தபோது மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். விரல் தப்பியது. அழுமூஞ்சி அழுதபடி வெளியேறினார். இறுதிச் சுற்றுக்கு ஜிம்மும் மருமகளும்.

"அப்ப ஃபைனல்லதான் சுட்டுக்கறா," என்று மாமனார் தீர்ப்பு எழுதினார்.

இத்தனை ஆர்ப்பாட்டத்திலும் மருமகள் மட்டும் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

4

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நாத்தனாரிடம் சொன்னாள்.

"ஜெயிச்சேனா தோத்தேனான்னு கேக்காத. பயம் அது இல்ல. ஃபைனல்ல மூக்கு ஒரு கேள்வி கேட்டாரு. சமையல் யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு."

"அத்தைகிட்டன்னு சொல்லவேண்டியதுதானே அண்ணி?"

"அப்படித்தான் ஆரம்பிச்சேன். வாய் அதோட நின்னாத்தானே?"

அவள் சொன்னது இது: "எங்க அத்தை சமைக்கறத வாசல்ல நின்னு பாத்தே கத்துக்கிட்டேன் சார். உள்ள விடமாட்டாங்க. என் கையால ஒரு முட்டை பொரிக்கணும்னாலும் ஆபீஸ் அடுப்புலதான்."

அது உண்மைதான். மாமியார் திட்டமாட்டாள். சமையலறை வாசலில் யார் நிழல் விழுந்தாலும், "என்ன வேணும்? நான் எடுத்துத் தர்றேன்," என்பாள். சிரித்த முகத்தோடு எடுத்தும் தருவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகளுக்குத் தண்ணீர்கூட வாசலில்தான் கிடைக்கிறது. அடுப்பு எத்தனை முறை பற்றவைத்தால் பிடிக்கும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் கை பழகியது லேபின் சாப்பாட்டு அறையில் இருக்கும் மின்சார அடுப்பில். இங்கே மாமியாரோ டெய்லரிடம், தண்ணீர் கேன் போடுகிறவரிடம், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எல்லாம், "எல்லாம் என் கைப்பக்குவம். பாத்தே புடிச்சுக்கிட்டா," என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எடிட்டிங்ல போயிருக்கும் அண்ணி."

"போகாது. சொல்லும்போது அழுதுட்டேன். அழுதா வெட்டமாட்டாங்க." ஈரச் சட்டையை உதறினாள். "அந்த இடம் வரும்போது அத்தைய எப்படியாச்சும் கிளப்பி உள்ள கூட்டிட்டுப் போயிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

(இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மாமியார் கொடுமைக்காரியாகத் தெரிகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். மருமகள் படப்பிடிப்புக்குக் கிளம்பிய அன்று, மாமியார் தன் கத்தியை ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். வேறு யாரும் தொட முடியாத கத்தி. அது இல்லாமல், அவள் வரும்வரை மொக்கைக் கத்தியில் காய் நறுக்கினாள். வாராவாரம் டிவியில் அது மின்னும்போது, "என் கத்தி! என் கத்தி!" என்று குழந்தை மாதிரி குதித்தாள். கத்தியைக் கொடுக்க முடிந்தவளுக்கு இடத்தைக் கொடுக்க ஏன் முடியவில்லை? எனக்குத் தெரியாது. எழுதினால் தெரியும் என்று நினைத்தேன்.)

5

இறுதிச் சுற்றுக்கு முன்பே நான் யோசித்து வைத்திருந்த முடிவுகள்:

அ. சரியான நேரத்தில் நாத்தனார் மெயின் சுவிட்சை அணைக்கிறாள். (அப்பா எழுந்து போய்ப் பார்ப்பார். யார் அணைத்தார்கள் என்பதைச் சுவிட்சில் இருக்கும் தூசியை வைத்தே கண்டுபிடிப்பார்.)

ஆ. நாத்தனார் மாமியாரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். மாமியார் (நான் வீட்டில் பக்குவமாகப் பேசிய கடைசி வாக்கியம் "குழம்பு போதும்" என்பது.)

இ.

6

இறுதிச் சுற்று. ஜிம் ஒரு முழுக்கோழியைத் தோளில் போடாத குறையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். மருமகள் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்ணத்தில் வேகவைத்த கஸ்டர்டைத் தட்டில் கவிழ்க்க வேண்டும். உடைந்தால் தீர்ந்தது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"துணி!" என்று வீடே அலறியது.

துணியோடுதான் எடுத்தாள். கவிழ்த்தாள். தட்டினாள். கிண்ணத்தைத் தூக்கினாள். கஸ்டர்ட் ஒருமுறை நடுங்கிவிட்டு அப்படியே நின்றது.

"நேரம் முடிந்தது! கைகளை உயர்த்துங்கள்!"

இரண்டு கைகளும் மேலே போயின. கேமரா அருகில் வந்தது. கட்டைவிரல் பளிச்சென்று இருந்தது. காயமே இல்லை.

விளம்பரம். சோப்பு.

"துணி!" என்று போன் அலறியது. யாரும் சிரிக்கவில்லை.

"கேஸே மாறிப்போச்சு," என்றார் மாமனார். உற்சாகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "ஷோரூம விட்டு வெளிய வரும்போது வண்டில கீறல் இல்ல. வீட்டுக்கு வரும்போது இருக்கு. நடுவுல வண்டி எங்க போச்சு?"

எல்லோரும் சோபாவில் இருந்த விரலைப் பார்த்தார்கள்.

"லேபுக்கு," என்றாள் மருமகள். "பெட்டியோட நேரா லேபுக்குத்தான் மாமா போனேன். எல்லாரும் கேட்டாங்க, செஞ்சு குடுத்தேன். அங்கதான் சுட்டுக்கிட்டேன்."

"அங்க அடுப்பு இருக்கா?" மாமியாரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இருக்கு அத்தை."

"எப்பவும் அங்கதான் செய்வியா?"

இல்லை என்று சொல்லலாம். ஆனால் சோப்பு தீர்ந்தவுடன் டிவிக்குள் இருப்பவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அவள் வாயிலிருந்து கேட்பதைவிட இவள் வாயிலிருந்து கேட்பது மேல்.

"ஆமா அத்தை."

"ஏன், இங்க என்ன" என்று மாமியார் ஆரம்பித்தாள்.

(அந்த வாக்கியத்தை அம்மா முடிக்கவில்லை. நான் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவள் விட்ட இடத்திலேயே விட்டுவிட்டேன்.)

மாமியார் எழுந்து சமையலறைக்குள் போனாள். நாத்தனார் கிளப்பாமலே.

7

விளம்பரம் முடிந்தது. மூக்கு கஸ்டர்டை மோந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். "சமையல் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

டிவிக்குள் மருமகளின் கண் கலங்கியது. "எங்க அத்தை சமைக்கறத வாசல்ல நின்னு பாத்தே கத்துக்கிட்டேன் சார்."

அடுத்த வாக்கியத்துக்காக நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வயலின் வந்தது. அவ்வளவுதான். மூக்கு கைக்குட்டையை எடுத்தார். "கொடுத்து வெச்ச மாமியார்," என்றார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

"வெட்டிட்டாங்க," என்று மருமகள் கிசுகிசுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அடப்பாவிங்களா, அழுதத வெச்சுக்கிட்டு சொன்னத வெட்டிட்டாங்க!"

குறையாகச் சொன்னது பாராட்டாகிவிட்டது. கத்தரி போட்டவர் யாரோ, என்னைவிட நல்ல எழுத்தாளர். (இங்கேயே முடித்துவிடலாம் என்று ஒரு சபலம் வந்தது. ஆனால் அந்த வயலினைக் கேட்டு அழவேண்டியவள் அப்போது ஹாலில் இல்லை.)

சமையலறையில் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 'வாசல்ல நின்னு' என்ற இடத்தில் அது சட்டென்று நின்றது. பிறகு முன்பைவிடப் பலமாகத் தொடங்கியது.

"மேல் தட்டு எனக்கு எட்டல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாராவது வாங்க."

அந்த வீட்டில் மேல் தட்டு எட்டுகிறவள் மருமகள் ஒருத்திதான். மாமியாருக்கும் அது தெரியும். இத்தனை காலமாக அவள் முக்காலி போட்டு ஏறித்தான் எடுத்தாளே தவிர, யாரையும் கூப்பிட்டதில்லை.

மருமகள் எழுந்தாள். வாசல்வரை போனாள். பழக்கதோஷம், அங்கேயே நின்றாள்.

"இந்த ஆண்டின் வெற்றியாளர்..." என்று டிவி இழுத்தது. முரசு அடித்தது. மாமனார் சோபா முதுகின் மேல் திரும்பி உட்கார்ந்து சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரும் அங்கேதான் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் யாருடைய தலையிலோ வண்ணக் காகிதங்கள் கொட்டின. பெயர் கைதட்டலில் கரைந்தது. சற்றுப் பொறுத்துப் போனிலிருந்து கணவன் கத்தினான். அவன் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் கத்துவான்.

8

யார் ஜெயித்தார்கள் என்பதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த டெய்லருக்கும் தெரியும். அதற்கு நான் தேவையில்லை.

எனக்குத் தெரியாதது வேறு. அம்மா அந்த டப்பாக்களை எதற்காக இறக்கினாள்? ஓர் அலமாரியைக் காலி செய்யவா? இல்லை, கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பது போல, வெறுமனே உருட்டுவதற்கா? நான் இருந்த இடத்திலிருந்து அண்ணியின் முதுகுதான் தெரிந்தது. ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே. ஒரு கால் வெளியே. மடக்கியே வைத்திருந்த கட்டைவிரலை இப்போது நீட்டியிருந்தாள்.

"என்ன வேணும் அத்தை?" என்று கேட்டாள். "நான் எடுத்துத் தர்றேன்."

அம்மா சொன்ன பதில் என் காதில் விழுந்தது. அதை எழுதினேன். எழுதியதை வெட்டிவிட்டேன், சேனல்காரர்களைப் போல. ஐந்தாம் பகுதியில் 'இ' காலியாகத்தான் இருக்கிறது. வந்து நிரப்புங்கள்.

உள்ளே அடுப்பு எரிகிறது. துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.