சாமிக்கல் இருந்த இடம்

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வந்து போன பிறகுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு, மலை என்பது இடிந்து விழக்கூடிய பொருள் என்று தெரிந்தது. அதுவரை அவருக்கு மலை என்றால் கொழுந்து. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஜனங்கள் குடியிருந்த லயத்தோடு புதைந்த செய்தி லிந்துலைக் கடைவீதிக்கு வந்ததும், என் கணவரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். இந்தத் தோட்டத்தில் இதுவரை எங்கெங்கே மண் சரிந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடித் தொகுக்க வேண்டும். அதை வைத்து ஒரு படம் வரைய வேண்டும். அடுத்த பெருமழைக்கு எந்த லயத்தைக் காலி பண்ணுவது, ஆட்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது படத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

என் கணவர் லோரன்ஸ் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். நான் மார்கிரட், அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குச் சொந்த ஊர் பொகவந்தலாவைப் பக்கம். இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. அதனால்தான் இந்த வேலை இவர் தலையில் விழுந்தது என்று நினைக்கிறேன். பழைய ஆளாக இருந்தால் நைசாக நழுவியிருப்பார்.

அன்றோடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை போயிற்று. கறையான் தின்றது போக மிச்சமிருந்த ரிப்போர்ட்டுகளை அதில் பரப்பிவிட்டு, சோற்றுத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். படிக்கப் படிக்க அவருக்குத் தெளியவில்லை, குழம்பியது. துரைமார் மாற மாற, தேயிலை மலைகளுக்குக் கொடுத்த நம்பரையும் மாற்றியிருந்தார்கள். பழைய ரிப்போர்ட்டில் ஏழாம் நம்பர் மலையில் லயம் இருந்தது. இன்றைக்கு ஏழாம் நம்பர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே லயமே கிடையாது. ஆட்களிடம் கேட்டாலோ அவர்கள் நம்பரே சொல்வதில்லை. "கொய்யாமரத்து மலையிலங்க" என்பார்கள். கொய்யாமரம் எங்கே என்று கேட்டால், அதை வெட்டி ரொம்ப நாளாச்சு என்பார்கள். இவர் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுவார்.

பெரிய சரிவு ஒன்றுதான். இருபத்தாறாம் ஆண்டு, ஏழாம் நம்பர் மலையில், 'கூலிகளின் சாமிக்கல்லுக்கு மேலே' மண் சரிந்து லயத்தில் பாதி போய்விட்டது என்று ரிப்போர்ட்டில் இருந்தது. நம்பர் போனால் போகட்டும், கல் எங்கே போகும் என்று இவர் அதைப் பிடித்துக்கொண்டார். சாமிக்கல் பணிய லயத்துக்குப் பின்னால் இருந்தது. ஆற்றோரமாகத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால் அதற்குப் பணிய லயம் என்று பேர். கல்லுக்கு விளக்கு வைக்கிறவள் காளியாயி, அந்த லயத்தில் கொழுந்து பறிக்கிறவள். இவர் அவளிடமும் போய்க் கேட்டார்.

"ஆமாங்கய்யா, மண்ணு வந்துச்சாம். சாமிக்கு முன்னால வந்து நின்னுடுச்சாம். எங்கம்மா சொல்லுவாங்க" என்றாள்.

"எந்தச் சாமி? இந்தச் சாமியா?"

"இதேதாங்க. நமக்கு வேற ஏது சாமி?"

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? படத்தில் பணிய லயத்துக்கு மேலே சிவப்புப் பென்சிலால் தீட்டினார். என் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டார். மலைச்சரிவில் அவ்வளவு சமமான இடம் வேறு எங்கேயும் இல்லை. இதுதான் பத்திரமான இடம் என்றார். துரை கண்ணாடிச் சட்டம் போட்டுப் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டினார். இவர் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

அடுத்த ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்து பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது. நுவரெலியாவுக்குப் போன துரை அங்கேயே மாட்டிக்கொண்டார். இவர் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், தப்படிக்கச் சொல்லி, பணிய லயத்தைக் காலி பண்ண உத்தரவு போட்டார். மத்தியானத்துக்குள் அத்தனை பேரும் என் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தலையில் கம்பளி, கையில் சட்டி பானை, கோழி. ராக்காயி தன் ஆட்டையும் கொண்டுவந்து என் மேசைக் காலில் கட்டிவிட்டாள். கங்காணி பொன்னையா, "அடுப்பு எங்க மூட்டுறது டீச்சரம்மா?" என்று என்னிடமே கேட்டார். நான் என்ன சத்திரமா நடத்துகிறேன்? இருந்தாலும் பெஞ்சுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்.

கடைசியாகக் காளியாயி வந்தாள். இடுப்பில் சாக்கில் சுற்றிய எதையோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தாள். கரும்பலகைக்குக் கீழே அதை இறக்கி, சாக்கைப் பிரித்து, விளக்கையும் ஏற்றிவிட்டாள். குங்குமம் அப்பிய கருங்கல்.

"இதென்ன காளியாயி?"

"நம்ம சாமிங்க. நாங்க வந்துட்டா அது மட்டும் அங்க தனியா கெடக்குமா? எங்க போனாலும் கூடத்தான வரும். பழைய லயத்துலருந்து வந்தப்பகூட எங்கம்மா ஒரு இடுப்புல என்னயும் ஒரு இடுப்புல சாமியயும் தூக்கிக்கிட்டுதான வந்தாங்க."

எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. "பழைய லயமா? அது எங்க இருந்துச்சு?"

அவள் காலால் தரையைத் தட்டினாள். "இதாங்க. இங்கதான். மண்ண வாரிக் கொட்டி, மட்டம் பண்ணி, அப்பறமா பள்ளிக்கூடம் கட்டுனாங்க. சாமி சொந்த எடத்துக்கே வந்திருச்சுன்னு நாங்க பேசிக்கிட்டு வந்தோம். ஐயா எல்லாத்தயும் எழுதி வச்சிருக்காரு, தெரிஞ்சுதான் கூட்டியாந்திருக்காருன்னு நெனச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து, மலையை ஒட்டிய பின்பக்கத்து மண்சுவரில் காவித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழைக்குக் கசிகிறது என்று விட்டுவிட்டேன்.

வெளியே நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த இவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். கல்லைக் காட்டினேன். இவர் படத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சாமிக்கல் பணிய லயத்துலதான் இருக்கு. படத்துல இருக்கே" என்றார்.

"படத்துல இருக்கு. கல்லு இங்க இருக்குங்க."

"அப்ப ரிப்போர்ட் பொய்யா?"

"ரிப்போர்ட்டும் நெசம், காளியாயி சொன்னதும் நெசம். கல்லு நடந்துருச்சு. நாம இவ்வளவு பேரையும் கொண்டாந்து அந்தச் சரிவுக்கு அடியிலயே உக்கார வச்சிருக்கோம்."

"அப்ப எங்கதான் போறது? பணிய லயத்துக்கே திருப்பி அனுப்பவா? அங்க ஆறு ஏறுது. எந்த எடம் பத்திரம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்கும் தெரியவில்லை. யோசித்தால் எந்த இடமும் சரியாகப் படவில்லை. நம்பர் தப்பு, கல் தப்பு, படம் தப்பு. கோபத்தில்தான் அது வாயில் வந்தது.

"துரைமாருக்கு எது விழக்கூடாது? பாக்டரி விழக்கூடாது. அத எங்க கட்டியிருப்பாங்க? ஆளுங்க லயத்த மாதிரி கெடச்ச எடத்துலயா கட்டுனாங்க? பாறை மேல கட்டியிருக்காங்க. அங்க போவோம்."

இவர் வாசலுக்குப் போய், எல்லாரும் பாக்டரிக்குக் கிளம்புங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை.

"காலையில இங்க வாங்கன்னீங்க. இப்ப அங்க போங்கங்கிறீங்க. நாங்க என்ன பந்தாங்கய்யா?" என்றார் பொன்னையா. அவர் கேட்டதில் தப்பே இல்லை. மூட்டிய அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் காளியாயியைப் பார்த்தார்கள். அவள் கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "உக்கார வச்ச சாமிய அன்னிக்கே திருப்பித் தூக்கக்கூடாதுங்க. வெளக்கு வேற வச்சாச்சு. நான் வரல. நீங்க வேணும்னா போங்க" என்றாள்.

சாமி இருந்தால் அவர்களும் இருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. மண்சுவரிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து பொத்தென்று விழுந்தது. ராக்காயியின் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

"நீ தூக்கக்கூடாது. எனக்கு ஒண்ணும் இல்லல்ல? நான் வேதக்காரி" என்று சொல்லிவிட்டு, விளக்கை நகர்த்தி, கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்பா, என்ன கனம்! காளியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மழையில் இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் கோழிச் சத்தமும் சட்டிகள் இடிபடும் சத்தமும் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாக்டரி வாசலில், அதற்குப் பொறுப்பான டீமேக்கர் செபஸ்தியாம்பிள்ளை வழியை மறித்து நின்றார். மேல்மாடியில் கொழுந்தை வாடப் போட்டிருந்தார்கள். துரை உத்தரவில்லாமல் ஆளை ஏற்ற முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். மாதா கோயிலில் எனக்கு முன் வரிசையில் முழந்தாளிடுகிற மனிதர். சேலையெல்லாம் குங்குமம் வழிய, இடுப்பில் சாமியோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, திறந்த வாய் அப்படியே நின்றது. கதவைத் திறந்துவிட்டார்.

வெளிச்சம் மங்குவதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டது. சத்தம் பாக்டரி வரைக்கும் கேட்டது. தகரம் ஒருபக்கம், பெஞ்சுகள் ஒருபக்கம், நடுவில் மலை வந்து உட்கார்ந்திருந்தது. நான் அழுதேன். கரும்பலகையில் காலையில் எழுதிய திருக்குறள்கூட ஞாபகத்துக்கு வந்து அழுகை வந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்திலிருந்து படத்தை உருவி நாலாய்க் கிழித்தார்.

பாலம் சரியானதும் துரை வந்தார். புதுப் படம் கேட்டார். இந்த முறை நகராத அடையாளம் ஒன்று வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். மணியாகத் தொங்கவிட்டிருந்த எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டு மண்ணில் கிடைத்தது. அதைச் சரிவு நின்ற இடத்தில் செங்குத்தாக நட்டு, சுற்றிலும் சிமெண்டு போட்டு, சிவப்புப் பெயிண்டும் அடித்தார். 'சிவப்புத் தண்டவாளத்துக்கு மேலே' என்று ரிப்போர்ட்டில் எழுதி, பக்கத்தில் இப்போதைய நம்பர், பழைய நம்பர், கொய்யாமரம் எல்லாவற்றையும் குறித்தார்.

நான் பாக்டரி ஸ்டோரில் பாடம் நடத்தினேன். ஒருநாள் அந்தப் பக்கமாக வந்தபோது தண்டவாளத்துக்கு மாலை போட்டிருந்தது. பொட்டு வைத்திருந்தது. காளியாயி எதிரில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது தண்டவாளம், காளியாயி."

"தெரியுங்க. ஆனா அவ்வளவு மண்ணுக்குள்ளயும் வளையாம கெடந்துச்சுல்ல." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பணிய லயத்த மேல மாத்துறாங்களாம். புது லயத்துக்குப் போறப்ப இதயும் கூட்டிக்கிட்டுப் போகணும். சிமெண்ட ஒடச்சுத் தர்றேன்னு எங்க லயத்து அழகுமுத்து சொல்லியிருக்காரு."

திட்டலாமா, கெஞ்சலாமா? ரிப்போர்ட், அடையாளம், இன்னும் முப்பது வருஷம் கழித்து வரப்போகிற ஏதோ ஒரு கிளாக்கர் என்றெல்லாம் இவளிடம் எப்படிச் சொல்வது? என் வாய் தானாகப் பேசியது.

"இந்தச் சாமிய யாரும் தூக்கக்கூடாது. மத்ததுதான் நடக்கிற சாமி. இது நடக்காத சாமி. அன்னைக்கு உங்க சாமிய நான்தான தூக்கினேன்? எங்கிட்ட சொல்லியிருக்கு."

காளியாயி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்படிங்களா? அப்ப நாங்கதான் வந்து போகணும்" என்றாள். "வருசா வருசம் மழைக்கு முன்னால வந்து பூச போட்டுட்டுப் போறோம். இங்கதான் மண்ணு வரும்னு பிள்ளைங்களுக்கும் காட்டிவிடணும்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "இத நான் ரிப்போர்ட்டுல எப்படி எழுதுறது?" என்று பென்சிலோடு முழித்தார். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பாதிரியார் முன்னால் முழந்தாளிட்டவள், சாமி பேரில் சொன்ன பொய்யை மட்டும் சொல்லாமலே எழுந்து வந்தேன். சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தண்டவாளம் இடத்தைவிட்டு நகர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.