பதினாறாயிரத்து எண்ணூறு ரூபாய் ஞாபகசக்தி

என் ஞாபகசக்தியின் விலை ஆண்டுக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு ரூபாய். வரி தனி. பில் கம்பெனி பெயரில் வந்ததால் இத்தனை நாள் அது என் சொந்தச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாவலூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிறோம். நிரல் எழுதுபவர்கள் இரண்டே பேர், நானும் விஜயகுமாரியும். நான் எழுதுவது ஐடிஇ-யில். எழுதவும், தப்பைக் காட்டவும், ஓட்டிப் பார்க்கவும் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கும் பெரிய கடை அது. இரண்டு எழுத்து தட்டினால் மீதியை அதுவே சொல்லும். நாற்பத்தேழு வயதில், நானே எழுதிய ஃபங்ஷனின் பெயர் எனக்கு நினைவிருப்பதில்லை. அதற்கு இருக்கும்.

விஜயகுமாரி எழுதுவது வெறும் எடிட்டரில். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பெட்டிக்கடை. அவள் அதை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. செங்கல்பட்டில் பழையதாக வாங்கிய நான்கு ஜிபி லேப்டாப் அவளுடையது. அதில் ஐடிஇ-யைத் திறந்தால் உள்ளே இருக்கும் விசிறி கத்தும், திரை அசையாது. கொரோனா காலத்திலிருந்து திருக்கழுக்குன்றத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் கணவன் குமார் லாரி ஓட்டியவன். போன வருஷம் வண்டி கவிழ்ந்து இடுப்பிலும் தொடையிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். பகலில் மூன்று முறை யாராவது தூக்கி உட்காரவைக்க வேண்டும். அந்த யாராவது அவள்தான்.

போன மாதம் ஒரு விடுதியில் எங்கள் மென்பொருள் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது. ஒரு பக்கம் தேனிலவு, ஒரு பக்கம் அறுபதாம் கல்யாணம். இரண்டு தரப்பும் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டன.

நடந்தது இதுதான். அப்படி ஆகாமல் தடுக்கும் ஒரே ஒரு வரியை அன்று காலையில்தான் விஜயகுமாரி சேர்த்திருந்தாள். அதே கோப்பை நானும் திறந்து சேமித்தேன். என் ஐடிஇ சேமிக்கும்போதெல்லாம் முழுக் கோப்பையும் தன் இஷ்டத்துக்கு இஸ்திரி போட்டு மடித்துவைக்கும். அவளுடையதையும் என்னுடையதையும் இணைக்கும்போது, எண்ணூறு வரியும் வேறுபடுகிறது, யாருடையதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டது. வரிவரியாகப் பார்த்திருக்க வேண்டும். கண் எரிந்தது. என்னுடையதையே வைத்துக்கொள் என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். அவள் வரி போயிற்று.

முதலாளி செங்கல்வராயன், செங்கல்பட்டில் மரவாடி வைத்திருந்த குடும்பம். கம்ப்யூட்டர் தெரியாது, விலை தெரியும்.

“இன்னாப்பா ஆச்சு?” என்றார்.

“ரெண்டு பேரும் ரெண்டு டூலு சார். ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கல” என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. எங்களுடையது மாமல்லபுரத்தில் சங்கும் சிப்பியும் விற்கும் வீடு. சங்கில் கீறலைக் காட்டிக் கேட்டால் கடல் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்போம். கீழே போட்டது யார் என்று நாங்களாகச் சொல்வதில்லை.

“அப்போ ஒண்ணத் தூக்கிடு” என்றார் செங்கல்வராயன். “ஒண்ணாந்தேதிலேந்து ரெண்டு பேருக்கும் ஒரே டூலு. எதுன்னு வெள்ளிக்கிழம சொல்லு. பெருசுன்னா அந்தப் பொண்ணு இங்க வந்து ஆபீஸ் மிஷின்ல ஒக்காரட்டும். வூட்டுக்கெல்லாம் வாங்கித் தர முடியாது.”

திருக்கழுக்குன்றத்திலிருந்து நாவலூருக்குத் திருப்போரூரில் வண்டி மாறி வர ஒன்றே முக்கால் மணி நேரம். போக அதே. பகலில் குமாரைத் தூக்க ஆளில்லை. ஐடிஇ என்று நான் சொன்னால் அவள் வேலை போய்விடும். எடிட்டர் என்று சொன்னால் நான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வேண்டும். நடந்ததைச் சொன்னால் இரண்டு டூலும் இருக்கும், எனக்கு வரவேண்டிய சம்பள உயர்வு இருக்காது.

புதன்கிழமை அவளுக்கு போன் செய்தேன்.

“அந்த எடிட்டர்ல எப்பிடிம்மா சமாளிக்கிற? பேரெல்லாம் எப்பிடி ஞாபகம் கீது ஒனக்கு?”

“எழுதறப்ப ரெண்டு தபா சத்தமா சொல்லிக்குவேண்ணா. இவருக்குத்தான் எரிச்சல்.”

பின்னாலிருந்து குமாரின் குரல் வந்தது. “கெட் ஃப்ரீ ரூம்ஸ், கெட் ஃப்ரீ ரூம்ஸ்னு காலைலேந்து ஓதிகினு கீறா. நா இங்க ஒரே ரூமுல ஒரு வருஷமா படுத்துகினு கீறேன். எனக்கு ஒண்ணு கெட்டு பண்ணச் சொல்லுங்க.”

விஜயகுமாரி சிரித்தாள். பிறகு, “வெள்ளிக்கிழம இன்னா சொல்லப் போறீங்கண்ணா?” என்றாள்.

“பேசிப் பாக்குறேம்மா.”

“வேற எதுனா சொல்லணுமா?”

“இல்லியே.”

“சரிண்ணா.”

வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் கடையில் ஐம்பது ரூபாய்க்கு விற்க வேண்டியதை நூற்றைம்பதில் ஆரம்பிப்போம். முதலாளி பயப்படுகிற மாதிரி ஒரு தொகையைச் சொன்னால், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அவரே இறங்கி வந்துவிடுவார். அவளுக்கு வேலை, எனக்கு ஐடிஇ, யாரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

“பெருசுதான் சார் நல்லது” என்று தாளை நீட்டினேன். “ஆனா ரெண்டு பேருக்கும் பதினாறு ஜிபில புது மிஷின் வேணும். அந்தப் பொண்ணுக்கும் லைசென்ஸ் வேணும். அது வூட்டுல கரண்ட் போனா பேக்கப்பு வேணும். ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆவும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேஜாரு புடிச்ச வேலயா கீதே. எறக்கு.”

“எறங்காது சார். இல்லாங்காட்டி இப்ப கீறபடியே வுட்டுடலாம்.”

எழுந்து கதவுப் பக்கம் நடந்தேன். வாடிக்கையாளர் கிளம்பினால் ஏழு அடி போகும்வரை கூப்பிடக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். செங்கல்வராயன் மூன்றாவது அடியிலேயே கூப்பிட்டார். அவசரக்காரர், வலையில் விழுந்தார் என்று திரும்பினேன்.

“சின்னது எவ்ளோ?”

“எது சார்?”

“அந்தப் பொண்ணு வெச்சிகினு கீதே, அது.”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. “ஃப்ரீ சார்.”

“அப்போ ரெண்டு பேருக்கும் அதான். ஒன் லைசென்ஸ் எப்ப முடியுது?”

“மாசக் கடைசில.”

“ரின்யூ பண்ணாத.”

பயமுறுத்த நினைத்து, பெரியதன் லைசென்ஸ் ஆண்டுக்கு எவ்வளவு என்று அவருக்கு நானே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை அவர் அந்த பில்லைப் பார்த்ததே இல்லை. அப்போதும் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். “சரி சார்” என்று மட்டும் சொன்னேன்.

கீழே டீக்கடையில் நின்று விஜயகுமாரியைக் கூப்பிட்டேன். மெட்ரோ வேலைப் புழுதி கிளாஸ் விளிம்பில் படிந்துகொண்டிருந்தது.

“நீ வூட்லயே இரும்மா. எடிட்டர்னு முடிவாயிடுச்சு.”

“தேங்க்ஸ்ணா. உங்களுக்குத்தான் கஷ்டம்.”

“பழகிக்குவேன்.”

“அண்ணா, அன்னிக்கு அந்த ஃபைல இணைச்சது யாருன்னு அதோட ஹிஸ்டரில பேரு நிக்கிது. பதினொண்ணு நாப்பதுக்கு. நா அன்னிக்கே பாத்துட்டேன்.”

டீயைப் பலகை மேல் வைத்தேன். “சார்ட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் பேசியிருப்பேன். “இப்பவும் அவசரம் ஒண்ணுமில்லண்ணா. இவர எழுப்பி ஒக்கார வெக்கணும், போன வெச்சிடட்டுமா?”

விலை எழுதி ஒட்டிய கடையில் பேரம் பேசப் போனவன்போல நின்றேன்.

ஒன்றாம் தேதி கறுப்புத் திரை எனக்கும் வந்தது. பழக்கத்தில் இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். ஒன்றும் வருவதில்லை. தேடும் வசதி இருக்கிறது, எதைத் தேடுவது என்று தெரிந்தால். பழைய கோப்புகளை வரிவரியாகப் படிக்கிறேன். பாதி நிரலை யார் எழுதியது என்று வியந்து பார்த்தால் என் பெயர் இருக்கிறது. மதியத்துக்குள் கண் வீங்கிவிடுகிறது.

வேறு வழியில்லாமல் திருக்கழுக்குன்றத்துக்கு போன் செய்கிறேன். முதல் இரண்டு நாள் விஜயகுமாரி எடுத்தாள். மூன்றாம் நாள் குமார்.

“அவ கொயம்பு வெச்சிகினு கீறா. இன்னா வேணும் அண்ணாத்த?”

“பதிவ ரத்து பண்ணிட்டுப் பணத்தத் திருப்பற ஃபங்ஷன் ஒண்ணு கீதேப்பா...”

“கேன்சல் அண்ட் ரீஃபண்டு. நடுவுல ரெண்டு எடத்துல அண்டர்ஸ்கோரு. நேத்தும் அதத்தான் கேட்டீங்க.”

“நேத்தா?”

“நேத்து சாயங்காலம். உங்களுக்கு ஒடம்பு பரவால்லியா?”

இடுப்பில் கம்பியோடு படுத்திருப்பவன் கேட்கிறான். பரவாயில்லை என்றேன்.

செங்கல்வராயன் ஒருமுறை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “ஒரே டூலு ஆனப்புறம் எதுனா தப்பு வந்துச்சா?” என்றார். வரவில்லை என்றேன். “பாத்தியா, டூலுதான் பிரச்சன” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு அடிக்கும் மேலே போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

முதல் வாரக் கணக்கு. நான் மறந்து கேட்ட பெயர்கள் முப்பத்தொன்று. விஜயகுமாரி சொன்னது பத்தொன்பது, குமார் சொன்னது பன்னிரண்டு. அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றும் இல்லை. செங்கல்வராயனிடம் நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். சொன்னது பூஜ்யம். பாக்கி ஒன்று.