ஒரு பொத்தானுக்கு இடம்

காலையிலிருந்து நடக்கும் கூட்டத்தில் இமோஜன் ஒரே ஒரு பொத்தான்தான் கேட்டாள். உள்ளங்கையளவு பலகை, அதுவே முழுக் கணினி. இல்லாதப்பட்டவர்களும் யோசிக்காமல் வாங்கும் விலை. அதை அணைக்க ஒரு பொத்தான் வேண்டாமா? மாலைக்குள் வடிவம் முடிவாகித் தொழிற்சாலைக்குப் போய்விடும். அப்புறம் அழுது புரண்டாலும் நடக்காது.

பலகையை வடிவமைக்கும் கேம்பிரிட்ஜின் அந்தச் சின்ன அலுவலகத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு: பலகையில் ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். யாருடையது போவது என்பதில்தான் தகராறு. கூட வேலை செய்யும் கேலம், பலகையில் தான் வைத்த, இரண்டாவது திரையைச் செருகும் துளையை விடுவதாயில்லை. இரண்டு திரை வைத்திருக்கிறவன் இந்தப் பலகையையா வாங்கப்போகிறான்? கேட்டால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான்.

"சுவர்ல சுவிட்ச் இருக்கே, தாயே," என்றார் தலைவர் டெஸ்மண்ட், மறுபடியும். "திரையில அணைச்சுட்டு அதைத் தட்டினா முடிஞ்சுது."

"யாரும் அப்படிச் செய்யறதில்ல, டெஸ்மண்ட். வயரைப் புடுங்கிடறாங்க. மெமரி கார்டு செத்துப்போகுது."

அவள் சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை நூலக வகுப்பில் இதைத்தான் பார்க்கிறாள். கடையில் கல்லாவில் உட்காரும் வினிஃப்ரெட், பேத்திக்காக எழுதிய கணினி விளையாட்டு அப்படித்தான் போயிற்று. "பரவால்லம்மா, இதெல்லாம் எனக்கு எங்க வரும்," என்று கோட்டை மாட்டிக்கொண்டு போனவள், அப்புறம் வரவே இல்லை. தப்பு பலகையுடையது என்று சொல்லக்கூட வழியில்லாமல் போனது இமோஜனை அரித்துக்கொண்டிருந்தது.

"சரி சரி, முதல்ல டீ," என்று எழுந்தார் டெஸ்மண்ட். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கே ஏதோ ஒரு வயர் செருகியிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கெட்டிலைச் செருகினார்.

"ஐயோ, அது என் டெஸ்ட்டு!" கேலம் அலறினான். "திங்கட்கிழமையிலேர்ந்து ஓடிட்டிருக்கு!"

பலகையை எடுத்து மேஜைக்கடியில் செருகிப் பார்த்தான். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கார்டு வேலை செய்வதைக் காட்டும் பச்சை வரவே இல்லை.

"இப்பவாவது புரியுதா?" என்றாள் இமோஜன்.

டெஸ்மண்டின் காது சிவந்தது. "பொத்தான் இருந்திருந்தாலும் நான் புடுங்கித்தான் இருப்பேன்."

இந்த மனுஷனோடு முட்டிக்கொள்வதற்குச் சுவரோடு முட்டிக்கொள்ளலாம். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

கேலம் பலகையின் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் இரண்டாவது துளையின்மேல் பென்சிலை வைத்தான். அடிக்கவுமில்லை, எடுக்கவுமில்லை.

மூலையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஊரிலேயே மலிவான அந்தக் கெட்டில், தன் பொத்தானைத் தானே டக்கென்று தட்டி அணைந்துகொண்டது. மூன்று பேரும் திரும்பி அதைப் பார்த்தார்கள்.