மதினி போட்ட உப்பு

பொங்கலுக்குக் கஸ்தூரி மதினி வருகிறார் என்று கேட்ட நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதினி என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள மலையில் இருக்கிற வண்டன்மேட்டில், ஏலத்தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் மாமனார் இறந்த பதினாறாம் நாள் கோபித்துக்கொண்டு போனவர், அதன்பிறகு ஏழு வருடமாக எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் ஒரு இலை. எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் போட்டால், அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முதல் இலையில் உட்கார வேண்டும். அவள் தனியாகச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். சமையலுக்கு உப்பு போடுவதும் அவள்தான். மருமகள் காய் நறுக்கலாம், அரைக்கலாம், புகையில் கண்ணைக் கசக்கலாம். உப்புச் சாடியைத் தொடக்கூடாது. படையல் முடிகிற வரைக்கும் யாரும் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில், இதென்ன அநியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பதினாறாம் நாளில் மதினி ஆற்றில் குளித்துவிட்டு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பசி பொறுக்காத பங்காளி ஒருவர் சத்தம் போட, என் வீட்டுக்காரர் பதறிப்போய் அவரையே முதல் இலையில் உட்கார வைத்துவிட்டார். ஈரச்சேலையோடு வாசலில் வந்து நின்ற மதினி அப்படியே திரும்பி நடந்து போய் பஸ் ஏறிவிட்டார்.

இந்த வருடம் என் வீட்டுக்காரர் ராக்கையா தானே மலைக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். வந்த அன்று சோறு தின்னவில்லை.

"வாரேன்னு சொல்லிருச்சு ஜோதி. ஆனா, சோத்துல கை வைக்கிறத அங்கன வந்து பாத்துக்குவோம்னுருச்சு. இந்தவாட்டியும் சாப்புடாமப் போச்சுன்னா அம்புட்டுத்தான். நான் செத்தாக்கூட வராது" என்றார்.

எதற்கும் கண் கலங்காத மனிதர். திராட்சைத் தோட்டத்தில் கல்மழை விழுந்து கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தபோதுகூட, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "உப்பு மட்டும் அக்கா வந்து போடட்டும். நீ தொட்றாத" என்று வேறு சொன்னார். நான் என்ன உப்புத் திருடியா என்று முறைத்தேன்.

இருந்தாலும் விடுவேனா? மார்க்கையன்கோட்டையிலிருந்து புது அரிசி வரவழைத்தேன். கம்பம் மார்க்கெட்டில் பூசணியைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் கடைக்காரன் சலித்துப்போய், "அக்கா, பூசணி வாங்குறீகளா, மாப்பிள்ள பாக்குறீகளா?" என்றான். "மாப்பிள்ளைக்கு இம்புட்டுப் பாக்க மாட்டேன்" என்றேன். மதினிக்குப் பிடித்தது மொச்சைக்குழம்பு. அதோடு அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, பருப்பு, ரசம், வடை, சர்க்கரைப் பொங்கல். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் சுரேஷ்கண்ணன் முன்னதாகவே வந்து, தேங்காய் துருவிக் கை சிவந்து உட்கார்ந்திருந்தான்.

மாட்டுப்பொங்கலன்று உச்சிக்குள் மாமனாருக்குப் படைத்தாக வேண்டும். காலையிலேயே வர வேண்டிய ஜீப், வெயில் முற்றத்துக்குள் வந்த பிறகும் வரவில்லை. போன் போட்டால் வண்டன்மேட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் ரோட்டில் போய் நின்றுகொண்டார். அவரை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வரமாட்டாக. வீம்புக்கு வாரேன்னு சொல்லிவிட்டு, தம்பியைத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறாக. இங்கன அடுப்பில் எல்லாம் வெந்து குழைந்துகொண்டிருக்கிறது, இவுகளுக்கு உப்பு போட நேரம் வரவில்லை.

சாடியை எடுத்தேன். குழம்பு, கூட்டு, பொரியல், பருப்பு, ரசம் என்று எல்லாவற்றுக்கும் என் கைக்கு வந்த அளவில் போட்டுக் கிண்டிவிட்டு, சாடியைத் திரும்ப மாடத்தில் வைத்துக் கையைக் கழுவினேன். கை ஈரம் காயவில்லை, வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது.

மலைப்பாதை வளைவில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். மதினியின் மகன் சண்முகராஜ் வாசலில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மதினி பின்பக்கமாக வந்து கால் கழுவிவிட்டார். என் நினைவில் இருந்த மதினி வாட்டசாட்டமானவர். வந்து நின்றவர் என் தோளுக்குக்கூட வரவில்லை. தலை முழுக்க வெள்ளை.

"வாங்க மதினி" என்றேன்.

"ம்" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். சாடி எங்கே என்று கேட்கவில்லை. கை தானாக மாடத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு பார்த்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மதினி ஒவ்வொரு சட்டியின் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொதிக்கிற சத்தத்தைக் கேட்டார். ஆமாம், காதைச் சாய்த்துக் கேட்டார், தொட்டிலில் பிள்ளை தூங்கிவிட்டதா என்று கேட்கிற மாதிரி. மொச்சைக்குழம்பிடம் வந்ததும், "தண்ணி கூடக் கெடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். காலையில் நான் அரைச் செம்பு கூடுதலாகத்தான் ஊற்றியிருந்தேன். அது எனக்கும் அடுப்புக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

பிறகு ஒரு முழ உயரத்திலிருந்து கையை வீசினார். கல்லுப்பு விரலிடுக்கில் சரிந்து சட்டியின் விளிம்பு வரைக்கும் ஒரே சீராகப் பரவி விழுந்தது. ஒரு பரல் வெளியே தெறிக்கவில்லை. கூட்டுக்கு வேறு வீச்சு, ரசத்துக்கு வேறு வீச்சு. பருப்புக்கு வந்தபோது, உள்ளங்கையில் இருந்ததைக் குனிந்துகூடப் பார்க்காமல் இரண்டு மூன்று பரலை மட்டும் திரும்பச் சாடியில் விட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைக்கூட ஓரக்கண்ணால் பார்க்கிறவள் நான். உப்பு போடுவதெல்லாம் ஒரு வித்தையா என்று இத்தனை வருடம் கேலி பேசிய இந்த வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

மதினி சாடியை வைத்துவிட்டுச் சாமி அறைக்குப் போன பிறகுதான் எனக்குப் பொட்டில் அடித்தது. நானும் போட்டிருக்கிறேன்.

சொல்லிவிடலாம்தான். என்னவென்று சொல்வது? நீங்க வரமாட்டீகன்னு நெனச்சு நானே போட்டுட்டேன் என்றா? அன்றைக்கும் காத்திருக்கவில்லை, இன்றைக்கும் காத்திருக்கவில்லை என்று ஆகிவிடும். வந்த ஜீப்பிலேயே திரும்ப ஏறிவிடுவார். சொல்லாமல் விட்டால் முதல் வாயிலேயே துப்பிவிட்டு எழுந்திருப்பார். முதல் இலைக்காரி பாதியில் எழுந்தால், படையலைச் செத்தவர்கள் ஏற்கவில்லை என்று எங்கள் வீட்டில் அர்த்தம். என் வீட்டுக்காரர் அதோடு ஒடிந்துபோவார். கொதிக்கிற வெந்நீரை ஒரு செம்பு குழம்பில் கொட்டினேன். மற்றதைத் தொடுவதற்குள், "ஜோதி, நேரமாச்சு, கொண்டா" என்று வீட்டுக்காரர் குரல் வந்துவிட்டது.

மாமனார் படத்துக்கு முன்னால் படைத்து, சூடம் காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். மாமா, உப்பைக் கொஞ்சம் நீங்களே உறிஞ்சிக்கிருங்க என்றுதான் நான் கும்பிட்டேன்.

கூடத்தில் ஒரே ஒரு தலைவாழை இலை. அதன் முன்னால் மதினி. நாங்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றோம். என் வீட்டுக்காரர் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். மதினி பிசைந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார்.

வாய்க்குப் போன கை இலைக்குத் திரும்பவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது. தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தார். பிறகு மென்றார். விழுங்கினார். அடுத்த வாய் எடுத்தார்.

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மதினி கூட்டைத் தொட்டார், பொரியலைத் தொட்டார், பருப்பைப் பிசைந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவசரமும் இல்லை. நான் குழம்பு வாளியோடு குனிந்தபோது உதடு அசையாமல் கேட்டார்.

"நீயும் போட்டிருந்தியா?"

"ஆமா மதினி."

"நான் வரமாட்டேன்னு நெனச்சிட்ட."

எனக்குப் பொய் வரவில்லை. "ஆமா மதினி."

"நான் போடுறப்பவாவது சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"உங்க கையவே பாத்துக்கிட்டு நின்னுட்டேன் மதினி. எல்லாம் மறந்துபோச்சு."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணோரம் சட்டென்று நனைந்தது. உப்பினால்தானோ என்னவோ. இலையைப் பார்த்து, "ஊத்து" என்றார்.

"வேணாம் மதினி."

"தம்பி பாத்துக்கிட்டிருக்கான். ஊத்து."

ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார். அந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை வீம்பும் இத்தனை பாசமும் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு மனுஷியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, கையில் வாளி இருந்தது. கடைசியில் உள்ளங்கையைக் காட்டி, போதும் என்பதை "மதி" என்று மலையாளத்தில் சொன்னார். மலையில் இத்தனை வருடம் வாழ்ந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு வேண்டும் என்கிறவர்கள் அப்படித்தான் மடிப்பார்கள்.

பிள்ளைகள் பசியில் அடுத்த பந்திக்கு ஓடி வந்தன. மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க. யாரும் உக்காராதீக. அப்பா இன்னும் சாப்புடுறாக. ஏழு வருசத்துச் சோறுல்ல? கொஞ்ச நேரம் கதவச் சாத்தி வைங்க."

அக்கா சொன்னால் என் வீட்டுக்காரருக்கு மறுபேச்சு ஏது? எல்லோரையும் முற்றத்துக்கு ஓட்டிவிட்டுச் சாமி அறைக் கதவைச் சாத்தினார். மதினி என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கதவையும் சாத்தினார். செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு குடித்தார்.

"ஆத்தாடி, கடல்ல முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். "மூக்கச் சிந்திட்டு மொச்சைய எடு" என்றார்.

படையல் முடிந்துவிட்டதால் இனி ருசி பார்க்கலாம். முறத்தில் மீந்திருந்த மொச்சையை உப்பில்லாமல் வேகப்போட்டார். குழம்பில் பாதியை எடுத்துவைத்துவிட்டு, மீதியில் வெந்த மொச்சையும் புளித்தண்ணீரும் அரைத்த தேங்காயும் சேர்த்தார். கூட்டோடு வெறும் பூசணி, பருப்போடு வெறும் பருப்பு. பொரியலை வெந்நீரில் அலசிப் பிழிந்து புதிதாகத் தாளித்தார். ரசத்தை இரண்டு பங்காக்கினார். நான் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், மற்ற நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கை வாகு கொஞ்சங்கூட மறக்கலையே மதினி."

"அங்கன நான் அடுப்படிக்குள்ள போயே ரொம்ப நாளாச்சு" என்றார். "மருமக தங்கமான பிள்ள. நீங்க உக்காருங்கத்த, நீங்க உக்காருங்கத்தன்னு சொல்லிச் சொல்லியே உக்கார வச்சுட்டா. டிவி முன்னால உக்காந்தே தேஞ்சு போனேன்." கரண்டியால் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "நான் உப்பு போடுறத ஒருத்தி எல்லாத்தையும் மறந்துபோயி நின்னு பாத்தான்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார். நெருப்பைத் தணிக்கக் குனிந்துகொண்டார்.

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டு, "அக்கா கை அக்கா கைதான். நீயுந்தான் போடுற உப்பு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு அங்கேயே மண்டகப்படி நடந்திருக்கும்.

மதினி ரசம் ஊற்றிக்கொண்டே, "பேசாமச் சாப்புடுலே. அவ போட்டதும் அதுல இருக்கு" என்றார்.

சாயங்காலம் ஜீப் கிளம்பும்போது மதினி தலையை வெளியே நீட்டினார்.

"ஜோதி, சித்திரைக்கும் படையல் உண்டுல்ல?"

"உண்டு மதினி."

"உப்பத் தொட்றாத."

"மலையில ஜீப்பு நின்னுபோச்சுன்னா?"

"நின்னுட்டுப் போகுது. நான் வார வரைக்கும் அம்புட்டுப் பேரும் பட்டினி கெடங்க."

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "கெடக்கோம் மதினி."