பன்னிரண்டு கண்டு

வெள்ளிக்கிழமை காலை மேசன் மீராசாஹிபு கடைக்குள் நுழைந்தபோது நப்லா அவருடைய ஸலாமுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

"காக்கா, முதல்ல கதவச் சாத்துங்க. நேத்து என்னத்த எழுதி வச்சிங்க?"

"என்னத்த? மரக்கண்டு நடுறதப் பத்தித்தான்."

"இஞ்ச வந்து பாருங்க."

கல்முனைக்குடியில் தொலைபேசி பேசவும் பெக்ஸ் அனுப்பவும் நப்லா நடத்திய கடை அது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஒரு கணினியும் வாங்கி வைத்திருந்தாள். கொழும்புக்கு லைன் எடுத்தால் இன்டர்நெட் வரும், வராமலும் போகும்.

மீராசாஹிபு றியாத்தில் ஆறு வருடம் கட்டட வேலை செய்து திரும்பியவர். சனி முதல் வியாழன் வரை சீமெந்தும் கல்லும். வெள்ளிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார். கல்முனைக்குடியிலிருந்து பாண்டிருப்பு வரை அவர் நுழையாத ஒழுங்கை இல்லை. எந்தக் கழிவுநீர்க் கான் அடைத்து நாறுகிறது, எவன் ரோட்டைப் பிடித்து மதில் கட்டியிருக்கிறான், எந்த வாசலில் அடுக்குச் செவ்வரத்தை பூத்திருக்கிறது, எல்லாவற்றையும் 'ஊர்ப்பலகை'யில் எழுதுவார். பாண்டிருப்பிலிருந்து கனடாவுக்குப் போன தங்கராசா நடத்திய இணையப் பக்கம் அது. வெளிநாடு போன ஊர்க்காரர்கள் வாசிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். வீடு கட்டுவிக்கிறவன் முன்னால் "ஓம் முதலாளி", சோதனைச் சாவடியில் வெறும் தலையாட்டல் என்று இருந்த மனிதருக்கு, நினைத்ததை நினைத்தபடி சொல்ல அந்த ஓர் இடம்தான் இருந்தது.

அப்போது கணினியில் தமிழ் எழுத்து எல்லோரிடமும் இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவார்கள். நேற்று அவர் தட்டியதை நப்லா தாழ்ந்த குரலில் வாசித்தாள்.

"நாளைக்கு ஜும்மாவுக்குப் பிறகு சந்தைக்குப் பின்னால பன்னிரண்டு குண்டு வைக்கப் போறன். குழி வெட்டியாச்சு. ரெண்டு மூட்டை சாணி இரிக்கி. கடைக்காரருக்குச் செல்லிப்போடாதீங்க, புடுங்கி எறிஞ்சிருவானுகள்."

"குண்டா? கண்டு புள்ள, கண்டு! வேப்பங்கண்டும் பூவரசங்கண்டும்!"

"கே, யூ, என், டி, யூ எண்டு அடிச்சிரிக்கிங்க. அது குண்டுதான்."

"யூ போட்டா 'அ' தானே? லஞ்ச் எண்டு எழுதிக் கிடந்தா லுஞ்ச் எண்டா வாசிக்கிற? றியாத்தில சாப்பாட்டுக் கொட்டில்ல அந்தப் பலகையப் பாத்துத்தான் நான் இங்கிலீசு எழுத்துப் படிச்ச."

"சரி, முதல் யூ 'அ'. கடைசி யூ?"

அவர் திரையில் அந்தக் கடைசி எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வேறு நாட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பஸ்ஸுக்குள் குண்டு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னாலே இராணுவம் ஆளை இறக்கிக்கொண்டு போகிற போர்க்காலம் அது. முதலில் அடி, பிறகுதான் கேள்வி. மாதக்கணக்கில் திரும்பாதவர்கள் உண்டு. மேசனுக்கு மூன்று பிள்ளைகள். எழுதியதற்கு அடியில் கடையின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவரைத் தேடி வருகிறவன் முதலில் நப்லாவிடம்தான் வருவான்.

கீழே ஏழு பதில்கள். "இந்த ஆளைத் தூக்குங்கள்" என்று நாலு பேர். திருக்கோவிலைச் சேர்ந்த குணம் என்பவர் கனடாவின் மொன்றியலிலிருந்து எழுதியிருந்தார்: "விடிஞ்ச உடனே இலங்கைத் தூதரகத்துக்கு இதப் பெக்ஸ் பண்ணப் போறன்."

"அங்க விடிய எத்தின மணித்தியாலம் கிடக்கு?" என்று கேட்டார் மேசன்.

"இப்ப அவங்களுக்கு ராப் பதினொரு மணி. தங்கராசாட்ட அழிக்கச் செல்லிக் கேட்டன். பதிலும் வந்திட்டு."

தங்கராசாவின் பதில் மூன்றே வரி. "நான் ஒருத்தர்ர எழுத்தையும் அழிக்கிறதில்ல. ஒருக்கா அழிச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. எழுதினவர் வந்து விளக்கம் சொல்லட்டும்."

"அழிச்சா இவனுக்கு என்ன குறையிற? கனடாவில இருந்துக்கு நீதி கதைக்கான். அடி வாங்கப் போறது நானெல்லா!"

"போன மாசம் ரோட்டப் புடிச்சி மதில் கட்டின முதலாளி, நீங்க எழுதினத அழிக்கச் செல்லி மருமகனக் கொண்டு எழுதுவிச்சானே. அப்பயும் இவர் அழிக்கல்ல. அந்தச் சந்தோஷத்தில நீங்க எனக்கு டீ வாங்கித் தந்திங்க."

மேசன் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். விளக்கம் எழுத வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது.

நப்லா நாலு தரம் டயல் பண்ணினாள். ஒவ்வொரு தரமும் மோடம் பெட்டி கீச்சிட்டு, இரைந்து, செத்தது. மேசன் சட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஐந்தாம் தரம் பிடித்தது.

"நீயே அடி புள்ள. என்ட கையால இனி ஒரு எழுத்தும் வாணா."

"செல்லுங்க."

"கண்டு எண்டு போடு. ஏ போடு, ஏ! மரக்கண்டு. ரெண்டு மூட்டை சாணி எண்டும் எழுதினேனே, எந்த விசரன் குண்டுக்கு அடியில சாணி போடுறான் எண்டு கேளு. விசரன் எண்ட சொல்ல வெட்டு. மரியாதையா எழுது."

அனுப்பினார்கள். இருபது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மேசன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். நப்லா கதவு நீக்கலால் பார்த்தாள். பெக்ஸ் அனுப்ப வந்த ஒரு மனுஷி. "மறுகா வாங்க உம்மா," என்று அனுப்பிவிட்டாள்.

அவள் திரும்ப வந்து உட்கார்ந்தபோது குணத்தின் பதில் கிடந்தது. வாசிக்க வாசிக்க அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"அண்ணன், மன்னிச்சுக்கொள்ளுங்க. குண்டு எண்டதோட எனக்குக் கண் நிண்டுபோச்சு, சாணிய வாசிக்கல்ல. பெக்ஸ் அனுப்பல்ல, இனி அனுப்பவும் மாட்டன். இஞ்ச எல்லாருக்கும் நானே விளங்கப்படுத்திறன். ஒரு விஷயம் கேக்கலாமா? யன்னலடியில சாடி ஒண்டில கறிவேப்பிலைக் கண்டு வச்சிரிக்கன். ரெண்டு வருஷமா நாலு இலைக்கு மேல வருகுதில்ல. ஒவ்வொரு நாளும் ரெண்டு நேரம் தண்ணி ஊத்துறன். என்ன பிழை?"

தங்கராசா அதற்குக் கீழே ஒரே வரி போட்டிருந்தார்: "வேம்பு வேணாம், கடல் காத்துக்குப் பூவரசுதான் நிக்கும்." அதை மறுத்து இன்னொருவர் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மேசன். வெறும் நிலத்தில் உட்கார்ந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் வயிற்றில் தெரிந்தது. நப்லா எழுந்து கதவை அகலத் திறந்தாள். வெயிலும் பஸ் இரைச்சலும் உள்ளே வந்தன.

"குணத்துக்கு என்ன எழுத?"

"என்னப் புடிச்சிக் குடுக்கப் பாத்தவனுக்கு நான் வைத்தியம் செல்லணுமா?"

அவள் விசைகளில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

"ரெண்டு நேரம் ஊத்தினா வேர் அழுகாம என்ன செய்யும்," என்றார் மேசன். "மூணு நாளைக்கு ஒருக்கா ஊத்தச் செல்லு. சாடிக்கு அடியில ஓட்டை இரிக்கா எண்டு பாக்கச் செல்லு."

"வேற?"

"காணும், அவ்வளவுதான். எழுத்துப் பிழை இல்லாம அடி."